அமாலாவின் கொப்பி

2016ஆம் ஆண்டு சமூக சேவையாளர் பயிற்சி ஒன்றுக்காக ஆறு கிழமைகள் காத்மண்டுவில் தங்கியிருந்தேன். சமூகவியல் படித்தவள், யுத்தத்திற்குள் வளர்ந்தவள், அகதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்தது. ஜாவலாக்கேலில் திபெத்திய அகதிகளின் கம்பள நெசவு நிலையத்தில் அந்த அம்மாவைச் சந்தித்த பிறகுதான் அந்த நினைப்புத் தளர்ந்தது.

திபெத்தியர்கள் தாயை 'அமா' என்பார்கள். மரியாதைக்கு 'லா' சேர்த்து 'அமாலா'. நம்முடைய அம்மாவுக்கு மிக அருகில் இருக்கும் சொல். அறுபது வயது கடந்த அவர் தறியில் இருந்தபடியே கதைத்தார். அவரது மருமகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

பனிமலைக் கணவாய்களைக் கடந்து வருகிறவர்களை நேபாளப் பொலிஸார் பிடித்தால், அவர்களை ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்திடம் ஒப்படைப்பார்கள். அங்கிருந்து அவர்கள் இந்தியாவுக்குப் போவார்கள். 1989இன் பின் ஏற்பட்ட வாய்மொழி இணக்கம் இது. சட்டமல்ல. நேபாளம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் சேரவில்லை (நமது நாடும்தான்). ஆகவே சிலர் ஒப்படைக்கப்படாமல், விசா இன்றி நுழைந்த குற்றத்திற்குத் தண்டம் விதிக்கப்படுவார்கள். கட்ட வழியில்லாதவர்களுக்கு டில்லி பஜார் சிறை. அமாலா பல ஆண்டுகளாக அங்கே சாப்பாடு கொண்டு போனவர். ஒரு சின்னக் கொப்பியில் பெயர், ஊர், பிடிபட்ட நாள், தண்டப்பணம் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். பணம் சேர்ந்ததும் அந்தப் பெயரின் மேல் கோடு கீறுவார்.

2003ஆம் ஆண்டுக்கு வந்ததும் தறி நின்றுவிட்டது.

அந்த ஏப்ரலில் ஒரு கூட்டம் பிடிபட்டது. அவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். முகாமில் இரண்டு கட்சி. சத்தம் போடாமல் தண்டப்பணத்தைச் சேர்த்துக் கட்டி வெளியே எடுப்போம் என்றார் அமாலாவின் கணவர். ஊருக்கு ஊர் கடிதம் எழுதுவோம், தூதரகங்களுக்கு அறிவிப்போம், இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்திற்கும் இதே கதிதான் என்றார் அமாலா. கடைசியில் கடிதக் கட்சி வென்றது. பல நாடுகளிலிருந்து நேபாள அரசுக்குக் கோரிக்கைகள் போயின. திருப்பி அனுப்ப வேண்டாம், உயர்ஸ்தானிகராலயம் அவர்களைச் சந்திக்க இடம் கொடுங்கள் என்பவைதான் அவற்றில் கேட்கப்பட்டவை.

மே 31ஆம் திகதி அதிகாலையில் பதினெட்டுப் பேரை வாகனத்தில் ஏற்றி எல்லைக்குக் கொண்டு போய்ச் சீன அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தண்டப்பணத்தைக் கட்டியது சீனத் தூதரகம் என்று செய்திகள் வந்தன.

"நாங்கள் சேர்க்காமல் விட்ட அதே பணம்" என்றார் அமாலா. மொழிபெயர்த்த மருமகள் அதற்குப் பிறகு சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் படித்தவற்றை வைத்து அவருக்கு ஆறுதல் சொல்ல முற்பட்டேன். அந்தப் பதினெட்டுப் பேரால் எழுந்த எதிர்ப்பினால்தான் அமெரிக்க செனட்டர் டயான் ஃபெயின்ஸ்டீன் நேபாள ஆடைகளுக்கான வரிச் சலுகைச் சட்டமூலத்திற்கு ஆதரவு தர மறுத்தார். அதன் பிறகுதான், 2003 ஓகஸ்ட்டில், இனிமேல் திபெத்திய அகதிகளைப் பலவந்தமாகத் திருப்பி அனுப்புவதில்லை என்று நேபாள அரசு எழுத்தில் கொடுத்தது. பின்னர் வந்த ஆயிரக்கணக்கானோர் அந்த எழுத்தின் நிழலில் கடந்து போயிருக்கிறார்கள். 2008க்குப் பின் எல்லைக் காவல் இறுகி, வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்தது வேறு கதை.

அமாலா தலையாட்டினார். எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். "பின்னால் வந்தவர்களுக்கு நல்லது. பதினெட்டுப் பேருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தறியைத் தட்டத் தொடங்கினார். எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஆனால் கடிதமா பணமா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னதுதான் பிழை என்று படுகிறது. ஆட்பலமும் நேரமும் இல்லாத சனங்களின் தலையில்தான் அந்தத் தெரிவு வந்து விழுகிறது.

சென்ற வருடம் எங்கள் பிரிவில் ஒரு தாய் என்னிடம் வந்தா. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மகனைப் பிடித்துவிட்டார்கள். "பிள்ளை, வெளியில சொன்னா அவனுக்கு அங்க அடி விழுமோ? சொல்லாட்டி மறந்துபோடுவினமோ?" என்று கேட்டா. ஜாவலாக்கேல் கேள்விதான், எங்கள் தமிழில்.

ஒரு கொப்பி வாங்கினேன். பெயர், பிடித்த நாள், இடம், எந்த உத்தியோகத்தர், எத்தனை மணி. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம், ஒரேயொரு கோரிக்கையுடன்: தாய் மகனைப் பார்க்க வேண்டும். அதே நாளில் சட்டத்தரணியின் பயணச் செலவுக்கு மாதர் சங்கத்தில் பணம் சேர்க்கத் தொடங்கினோம். தேங்காய் விற்ற காசும் அதில் வந்தது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அந்தத் தாய் என் கையைப் பிடித்தா.

"இதில ஒரு பிரதி எனக்கும் எடுத்துத் தா பிள்ளை. சாமி அறையில வைக்க."

தபாற்கந்தோருக்கு எதிர்க் கடையில் இரண்டு பிரதி எடுத்தோம்.