சிற்றிதழுக்கு ஒரு சர்வர்

2024 நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து ஊர் வேலைக்குத் திரும்பிவிட்டது. சிற்றிதழின் சர்வரை இந்த வாரமே மாற்றிவிடுவதென்று ஆசிரியர் குழுவிடம் இன்று பேசி முடிவு செய்தோம். பழைய சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு கடந்த ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இனி அதில் எந்தப் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தாலும் சென்ட்ஓஎஸ் தரப்பிலிருந்து திருத்தம் வராது. தளம் வழக்கம்போல் திறக்கிறது, கட்டுரைகள் படிக்கக் கிடைக்கின்றன, அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆபத்து தெரிவதில்லை. எனக்கோ நான்கு மாதமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புது சர்வரை பிரவுசர் வழியாக நிர்வகிக்க ஒரு பேனல் எதற்கு, எல்லாவற்றையும் கட்டளை வரியிலேயே எழுதிவிடலாமே என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு தளம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்றால் அவர்கள் சொல்வது சரிதான். இங்கே இதழின் தளம், பதிப்பகத்தின் புத்தக விற்பனைத் தளம், வாசகர் வட்டத்தின் தளம் மூன்றும் ஒரே சர்வரில் இருக்கின்றன. அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அக்கா புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்றால்கூட என்னைப் போல் ஒருவர் ஓய்வாகும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஊர் மாறிப் போனால் இதழ் முடங்கக் கூடாது. இதழ் நடத்துபவர்களின் சர்வர் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பேனல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

எந்தப் பேனல் என்பதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. சிபேனல், பிளெஸ்க், டைரக்ட்அட்மின் மூன்றும் காசு கொடுத்து வாங்குபவை. சிபேனல் 2019 முதல் கணக்குகளின் எண்ணிக்கையை வைத்து விலை போடுகிறது. சந்தா பணத்தில் நடக்கும் இதழுக்கு மாதாமாதம் இன்னொரு கட்டணம் தாங்காது. இலவசமாகக் கிடைப்பவற்றில் வெர்ச்சுவல்மின், ஐஎஸ்பிகான்ஃபிக், ஹெஸ்டியா, சைபர்பேனல் இருக்கின்றன. ஹெஸ்டியாவைத் தேர்ந்தெடுத்தேன். திறந்த மூலம், சிறு சர்வரிலும் திணறாது, டெபியனிலும் உபுண்டுவிலும் மட்டும் ஓடும். டெபியன் 12 எனக்குப் பழக்கமானது.

ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்கிறேன். பேனல் என்பது ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரல். தீபாவளி வாரத்தில்தான் சைபர்பேனலில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய் ரூட்டாகக் கட்டளை கொடுக்கும் ஓட்டை வெளிவந்தது. 20,000-க்கும் மேற்பட்ட சர்வர்கள் இணையத்தில் அப்படித் திறந்து கிடந்தன. பலவற்றில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். 2019-இல் வெப்மின் என்ற பேனலின் நிரலுக்குள் யாரோ செருகிவைத்த பின்வாசல் வெளிப்பட்டது. அது ஓராண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஹெஸ்டியா எதிலிருந்து கிளை பிரிந்ததோ அந்த வெஸ்டாவுக்கு 2018-இல் நடந்தது இன்னும் மோசம். இன்ஸ்டால் ஸ்கிரிப்டையே மாற்றி, புது சர்வர்களின் அட்மின் பாஸ்வேர்டு வெளியே போகும்படி செய்துவிட்டார்கள். எந்தப் பேனலுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அன்றைக்கு நம் பேனலின் கதவு ஊர் உலகத்துக்குத் திறந்திருக்கக் கூடாது.

நவம்பர் 5, செவ்வாய்

மும்பையில் ஒரு விபிஎஸ் எடுத்தாயிற்று. 2 கோர், 4 ஜிபி நினைவகம், 80 ஜிபி வட்டு. எதுவும் ஏற்றப்படாத புத்தம்புது டெபியன். ஏற்கெனவே அப்பாச்சியோ மரியாடிபியோ ஓடும் சர்வரில் பேனலை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். வெறும் சர்வர்தான் சரி.

முதல் வேலையாக எஸ்எஸ்ஹெச் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். இந்த ஐபி முகவரியை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குள் எங்கெங்கிருந்தோ உள்ளே நுழைய முயற்சிகள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று பெயர் மாற்றி மாற்றி வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன தானியங்கி நிரல்கள். பதிவில் வரிகள் கண்ணெதிரே கூடிக்கொண்டே போயின. புதிதாக சர்வர் எடுக்கும் எல்லோரும் முதல் நாளே இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பேன். சாவிக்கோப்பு இருந்தால்தான் உள்ளே வரலாம், பாஸ்வேர்டு செல்லாது என்று எஸ்எஸ்ஹெச்சை மாற்றினேன். இன்னொரு ஜன்னலில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே முதல் ஜன்னலை மூடினேன்.

அடுத்து ஹோஸ்ட்நேம். இதில் பலர் சறுக்குகிறார்கள். இதழின் டொமைனையே சர்வருக்கும் பெயராக வைத்துவிட்டால் பிற்பாடு மின்னஞ்சலில் குழப்பம் வரும். அதனால் அதன் கீழ் தனியாக ஒரு துணை டொமைன் வைத்து, அது புது ஐபியைக் காட்டும்படி டிஎன்எஸ்ஸில் பதிந்தேன். அந்த ஐபி திரும்ப அதே பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கான ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் விபிஎஸ் நிறுவனத்தின் பக்கத்தில் அமைத்தேன். நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, 2 ஜிபி ஸ்வாப் ஒதுக்கி, எல்லாவற்றையும் அப்டேட் செய்து ரீபூட் கொடுத்தேன்.

நவம்பர் 6, புதன்

இன்ஸ்டால் ஸ்கிரிப்டை இறக்கியவுடன் ஓட்டவில்லை. வெஸ்டாவின் கதை தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஹெஸ்டியாவின் ஸ்கிரிப்ட் பாஷில் எழுதியது, படித்தால் புரியும். எந்தக் களஞ்சியங்களிலிருந்து எதை எடுக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து, பிஹெச்பி டெபியன் உருவாக்குநர் ஒண்ட்ரே சூரியின் களஞ்சியத்திலிருந்து வருகிறது. பிஹெச்பியின் பல பதிப்புகளை ஒரே டெபியனில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்ட முடிவது அவர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் தொகுப்புப் பணியால்தான். வாசகர் வட்டத்தின் தளம் பழைய பிஹெச்பியில் மட்டுமே ஓடும் என்பதால் எனக்கு அது தேவை.

ஸ்கிரிப்டிடம் எல்லாவற்றையும் போடு என்று சொல்லக் கூடாது. டிஎன்எஸ் பதிவாளரிடமே இருக்கிறது, ஆகவே பைண்ட் வேண்டாம். எஸ்எஃப்டிபி இருக்கும்போது எஃப்டிபி வேண்டாம். ஏபிஐ யாருக்கும் தேவையில்லை, அதையும் விலக்கினேன். வைரஸைத் தேடும் கிளாம்ஏவியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். அது மட்டுமே 1 ஜிபிக்கு மேல் நினைவகம் பிடிக்கும், சிறு சர்வர்களில் பலரும் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஆனால் இந்த இதழுக்குக் கதையும் கவிதையும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வேர்டு கோப்புகளாக வருகின்றன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறார். ஆகவே அது இருக்கட்டும் என்று விட்டேன். 4 ஜிபி எடுத்ததே இதற்காகத்தான்.

ஓட்டியதும் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைசியில் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் திரையில் காட்டி, ரீபூட் செய்யச் சொன்னது. பேனல் 8083 போர்ட்டில் எழுந்தது. பிரவுசர் எச்சரித்தது, ஏனென்றால் சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. ஹோஸ்ட்நேமுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கியதும் எச்சரிக்கை போயிற்று. 90 நாள்தான் அதன் ஆயுள், பேனலே புதுப்பித்துக்கொள்ளும்.

ஹெஸ்டியாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் உள்ளமைப்பு. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால், அது பின்னால் ஒரு சிறு பாஷ் கட்டளையை அழைக்கிறது. பயனரைச் சேர்க்க ஒன்று, டொமைனைச் சேர்க்க ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று. எல்லாம் ஒரே அடைவில் கிடக்கின்றன, திறந்து படிக்கலாம், நேரடியாகவும் ஓட்டலாம். கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.

நவம்பர் 7, வியாழன்

இன்று முழுக்கத் தரவுத்தளத்தோடு போயிற்று. பழைய தளம் தொடங்கிய காலத்தில் அட்டவணைகளை லத்தீன்1 என்று அறிவித்திருக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததோ யூடிஎஃப்-8 பைட்டுகள். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே பொய் என்பதால் தளத்தில் தமிழ் சரியாகவே தெரிந்தது. சாதாரணமாக டம்ப் எடுத்துப் புது சர்வரில் ஏற்றினால் இரண்டு முறை மாற்றம் நடந்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மேற்குறி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறிவிடும். அதனால் லத்தீன்1 என்றே சொல்லி டம்ப் எடுத்து, கோப்பில் இருக்கும் அறிவிப்பை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்திய பிறகு ஏற்றினேன்.

சில வரிகளை மரியாடிபி ஏற்க மறுத்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் நீளமான கட்டுரைத் தலைப்புகள். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். ‘தமிழ்’ என்று எழுதினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், 15 பைட். தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 255. லத்தீன்1 கணக்கில் அது 255 பைட், அதாவது ஏறக்குறைய 85 தமிழ்க் குறிகள். அதற்கு மேல் போனதைப் பழைய தரவுத்தளம் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது. இடைவெளிக்கு ஒரே பைட் என்பதால் வெட்டு சில இடங்களில் ஒரு குறியின் நடுவிலேயே விழுந்திருக்கிறது. பாதி குறியை மரியாடிபி ஏற்காமல் போனது நியாயம்.

வெட்டுப்பட்டது கணினியில் எங்கும் இல்லை. அக்காவை அழைத்தேன்.

“தம்பி, அச்சு இதழ் அத்தனையும் பீரோவுல இருக்கு. நீங்க வருஷம் மாசம் சொல்லுங்க, நான் எடுத்து வாசிக்கறேன்.”

அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். ஒரு தலைப்பின் கடைசிச் சொல் வந்ததும், “இந்தக் கட்டுரை எழுதினவரு இப்ப இல்ல தம்பி, சரியா போட்டுடுங்க” என்றார். சரியாகவே போட்டிருக்கிறேன். பழைய தலைப்புகள் எல்லாம் இனி தளத்தில் முழுதாகத் தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

தளம் மாறியது. டிஎன்எஸ்ஸின் காலக்கெடுவை முன்கூட்டியே 300 நொடியாகக் குறைத்திருந்ததால் மாற்றம் சீக்கிரமே பரவியது. மின்னஞ்சலுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் ஏற்றினேன். டிகிம் சாவியைப் பேனலே உருவாக்கித் தருகிறது. விபிஎஸ் நிறுவனங்களில் பல வெளியே போகும் 25-ஆவது போர்ட்டை அடைத்து வைப்பது வழக்கம், இங்கேயும் அப்படித்தான். அனுப்பும் அஞ்சலை ஒரு ரிலே வழியாகத் திருப்பிவிட்டேன்.

நவம்பர் 9, சனி

அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்தேன். அங்குள்ள கணினியில் வயர்கார்டு போட்டு, சர்வருக்குத் தனிச் சுரங்கப்பாதை அமைத்தோம். ஃபயர்வாலில் 51820 போர்ட்டை அதற்குத் திறந்துவிட்டு, சுரங்கம் வேலை செய்வதைப் பார்த்த பின் 8083-ஐ அந்தச் சுரங்கத்தின் முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கினேன். என் கைபேசியிலிருந்து பேனலைத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. அக்காவின் கணினியில் திறந்தது. அவருக்கு அட்மின் அல்லாத தனிக் கணக்கு, இரண்டடுக்கு லாகின்.

“புது மெயில் போட இனிமே உங்களைக் கூப்பிட வேண்டாமா?”

“வேண்டாம்க்கா, நீங்களே போட்டுப் பாருங்க.”

சந்தாவுக்கென்று ஒரு முகவரியை அவரே உருவாக்கினார், தன் கைபேசியிலிருந்து அதற்கு ஓர் அஞ்சல் அனுப்பி, வந்து சேர்ந்ததையும் பார்த்துக்கொண்டார்.

பேக்கப்பைப் பேனல் தினமும் விடிகாலையில் எடுத்துவிடுகிறது, ஆனால் அதே வட்டில் வைக்கிறது. வட்டு போனால் அதுவும் சேர்ந்து போகும். எஸ்எஃப்டிபி வழியாக வேறு ஊரில் இருக்கும் இன்னொரு சர்வருக்கு அனுப்பும்படி மாற்றினேன். அங்கிருந்து ஒன்றை எடுத்து, தற்காலிகமாக வாடகைக்கு எடுத்த காலி சர்வரில் ஹெஸ்டியாவைப் போட்டு, மீட்டுப் பார்த்தேன். மூன்று தளங்களும் எழுந்தன. அந்த சர்வரை அழித்துவிட்டேன். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அந்தத் தேதியை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இதழோ பள்ளியோ சங்கமோ, ஒரு தளம் வைத்து நடத்துகிறவர்கள் தங்கள் சர்வரைக் கவனித்துக்கொள்பவரை நாளைக்கே அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த இயங்குதளம் ஓடுகிறது, அதற்கு ஆதரவு எதுவரை? பேனல் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது? பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? பதில் வரத் தாமதமானால், மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.