பழைய நோய்க்குப் பணம் கேட்பவர்கள்

புது மருந்து கண்டுபிடிக்கப் பணம் வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பம் போட்டால் யாருக்கும் ஆச்சரியம் வராது. "எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் காசநோய்க்கு எப்படி வைத்தியம் பார்த்தார்கள் என்று ஆராயப் போகிறேன், மூன்று வருஷச் சம்பளமும் விமான டிக்கெட்டும் வேண்டும்" என்று கேட்டால்? இதுக்கெல்லாமா காசு கொடுக்கிறாங்க என்றுதான் தோன்றும்.

கொடுக்கிறார்கள். மருத்துவ வரலாறு என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறைக்கு ரொம்ப காலமாகப் படியளந்த பெரிய இடம் லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளை. (நல்வரவு என்று அர்த்தம் இல்லை, அது ஒரு மனிதரின் பெயர்.)

ஹென்றி வெல்கம் 1853ல் அமெரிக்காவில் பிறந்தவர். மருந்து விற்கும் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். 1880ல் சைலஸ் பரோஸ் என்ற கூட்டாளியோடு லண்டனில் ஒரு மருந்துக் கம்பெனி தொடங்கினார். அமுக்கிச் செய்த மாத்திரைகளுக்கு 'டேப்ளாய்டு' என்று பெயர் வைத்து, 1884ல் அதை வணிக முத்திரையாகவும் பதிவு செய்தார். இன்றைக்குப் பரபரப்புப் பத்திரிகைகளை டேப்ளாய்டு என்கிறோமே, அந்தச் சொல்லின் பூர்வீகம் மாத்திரை டப்பாதான்! மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் இதைச் சேர்த்திருந்தால் வகுப்பில் நாலு பேராவது முழித்திருப்பார்கள்.

மனிதருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. பழைய மருத்துவப் பொருட்களைச் சேர்ப்பது. அறுவைக் கத்தி, தாயத்து, செயற்கைக் கால், ஓலைச்சுவடி என்று உலகம் முழுக்க ஆள் அனுப்பி வாங்கினார். சமஸ்கிருதச் சுவடிகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் லண்டனுக்குப் போயின. 1936ல் அவர் இறந்தபோது கம்பெனி முழுவதும், உயில்படி, ஒரு அறக்கட்டளையின் கைக்கு வந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கும், மருத்துவ வரலாற்றுக்கும் செலவு செய்யச் சொன்னது உயில். வாரிசுச் சண்டைக்கு உயில் பார்த்திருக்கிறோம், ஒரு பாடத்துறைக்கே உயில் எழுதினவர் இவர்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பணம் எப்படிப் பெருகியது? 1986ல் கம்பெனியின் ஒரு பங்கைச் சந்தையில் விற்றார்கள். 1987ல் எய்ட்ஸுக்கு முதலில் அங்கீகாரம் பெற்ற ஏ.இஸட்.டி. மருந்தை விற்றதும் இதே கம்பெனிதான். 1989ல் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8,000 டாலர் ஆனது. அந்த செப்டம்பரில் போராட்டக்காரர்கள் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து, தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு கோஷம் போட்டார்கள். சில நாட்களில் விலை 20 சதவீதம் இறங்கியது. அப்போது கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதி அறக்கட்டளையிடம்தான் இருந்தது. 1995ல் மிச்சப் பங்குகளை கிளாக்ஸோவிடம் விற்றுவிட்டு அறக்கட்டளை தனியாக வந்துவிட்டது. இன்று அதன் சொத்து முப்பது பில்லியன் பவுண்டுக்கு மேல்.

ஆக, மருந்து விலையின் வரலாற்றை எழுத நினைக்கும் ஒருவர், மருந்து விற்ற லாபத்திலிருந்து வளர்ந்த பணத்தைத்தான் கேட்டு நிற்கிறார். இதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை வெளி அறிஞர்களின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் பணம் வந்த வழி தெரிந்து கேட்பது நல்லது.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். என்ன கேள்வி, எந்த ஆவணங்கள், எத்தனை மாதம், யாரைப் பேட்டி எடுப்பது, நோயாளிகளின் ரகசியத்தை எப்படிக் காப்பது, ஒவ்வொரு செலவும் ஏன் என்று எழுத வேண்டும். காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்தவர்களுக்குக் கடைசிப் பகுதி தண்ணி பட்ட பாடு. கஷ்டம் இருப்பது வேறொரு கேள்வியில். "இதனால் இன்றைய ஆரோக்கியத்துக்கு என்ன பயன்?" அந்த ஒரு கேள்வி வரலாற்றையே கொஞ்சம் வளைத்துவிடுகிறது.

ஒரு உதாரணம். சென்னை சேத்துப்பட்டில் 1956ல் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தின. ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேர் வீட்டிலேயே ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டிலோ நெரிசலும் அரை வயிறும். 1959ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தில் அதிகம் பேருக்கு நோய் தொற்றவும் இல்லை.

இதை ஆராய ஒருவர் விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுலபமான வழி ஒன்று உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, வீட்டுக்குத் திடீரென்று போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண் முன்னால் மருந்து கொடுக்கும் பிற்காலத் திட்டங்களுக்கு வேர் இங்கே இருக்கிறது. "சென்னை உலகுக்குத் தந்த கொடை" என்று எழுதினால் பயன் கேள்விக்குப் பதில் ரெடி. பொய்யும் இல்லை.

ஆனால் கேட்க வேண்டியவை நிறைய விட்டுப்போகும். வீட்டு வைத்தியத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் செலவு மிச்சமானது சரி, அந்தச் செலவு எங்கே போனது? இருமுகிறவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, எச்சில் கிண்ணம் கழுவி, கூலி வேலைக்கும் போன மனைவியின் கணக்கில் அல்லவா ஏறியிருக்கும்! முன்னறிவிப்பில்லாமல் ஆள் வந்து சிறுநீர் கேட்டபோது அந்தத் தெருவில் என்ன பேசினார்கள்? இதற்கெல்லாம் "இன்றைய பயன்" என்று ஒரு வரியில் எழுதுவது கஷ்டம். எழுத முடியாததாலேயே கேட்காமல் விட்டால், படிவத்துக்குப் பொருந்தும் கதை மட்டும்தான் வரலாறாக மிஞ்சும்.

கொடுக்கும் கை மாறினாலும் இதே பாடுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வெல்கம் பணத்தில் நடந்த மருத்துவ வரலாற்று மையம் பேர் பெற்றது. ராய் போர்ட்டர் போன்றவர்கள் இருந்த இடம். 2010ல் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். பணம் நிற்கவில்லை, வேறு வடிவத்தில் வந்தது. 2021 முதல் வந்த புதிய திட்டங்களில் வரலாற்றாளரும் ஆய்வகக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உயிரணு ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் நின்று கஞ்சிக் கதைக்குப் பணம் கேட்க நல்ல தைரியம் வேண்டும்.

சேத்துப்பட்டுக் கதைக்கு ஆவணங்களும் சிதறித்தான் கிடக்கின்றன. பிரிட்டிஷ் கழகத்தின் கோப்புகள் லண்டனின் கியூவில், சுகாதார நிறுவனத்தினுடையவை ஜெனீவாவில், மாநில அரசின் காகிதங்கள் எழும்பூரில். முதல் இரண்டுக்கும் விமானச் செலவு எழுதலாம், எந்தக் குழுவும் புரிந்துகொள்ளும். எழும்பூரிலிருந்து சேத்துப்பட்டுக்கு ரயிலில் ஒரே ஸ்டேஷன், டிக்கெட் சில ரூபாய்தான். அந்தப் பயணத்தை பட்ஜெட்டில் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அங்கே இறங்கிப் பேட்டி எடுக்க ஆள் கிடைப்பதுதான் பிரச்சினை. 1956ல் இருபது வயதில் மருந்து சாப்பிட்டவருக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. விண்ணப்பம் போட்டு முடிவு வரவே பல மாதம் ஆகும்.