படித்துக் காட்டும் குரல்

முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஒரு சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பீடி இலையைக் கத்தரிக்கும் சத்தம் அது. அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டுவாள். தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்குவாள். அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் நான் என் பள்ளிப் பாடங்களைக் கேட்டேன். ‘படித்தேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கேட்டேன்’ என்று இருக்கிறதே என்று மலர்க் குழுவினர் திருத்திவிட வேண்டாம். கேட்டதுதான் உண்மை.

சிறு வயதிலேயே எனக்கு மாலைக்கண். பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் கரும்பலகை மறைந்தது. அடுத்த ஆண்டு புத்தகமும் மறைந்தது. விழித்திரை மெல்ல மெல்லத் தேய்கிற நோய், கண்ணாடி போட்டுத் தீராது என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அம்மா என் கண்ணானாள். எட்டாவது வரை படித்தவள் அவள். புத்தகத்தைத் தட்டின் ஓரத்தில் விரித்து, பறக்காமலிருக்கக் கத்தரியை மேலே வைத்து, கை பாட்டுக்குச் சுற்ற, வாய் பாட்டுக்கு வாசிக்கும். தமிழ் என்றால் தடையில்லை. ஆங்கிலம் வந்தால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள்: “பி, ஏ, ஆர், எல், ஐ, ஏ, எம், ஈ, என், டி.” நான் அவற்றைக் கூட்டிப் “பார்லிமெண்ட்” என்பேன். “அதத்தான் சொன்னேன்” என்பாள் அம்மா, சிரிக்காமல்.

வரலாறு படிக்க வந்த பிறகு ஒரு செய்தி தெரிந்தது. கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிற்சாலைகளில், சுருட்டுகிறவர்களின் கை வேலையில் இருக்க, உயரமான இடத்தில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசித்துக் காட்டுவாராம். ஹவானாவில் 1865இல் தொடங்கிய வழக்கம் அது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு சேர்த்துக் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களிலும் பத்திரிகை வாசிப்பது உண்டு. வாசிக்கிறவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்களாம். எங்கள் திண்ணையில் அந்த ஏற்பாடு இல்லை. சுற்றுபவளும் அவளே, வாசிப்பவளும் அவளே. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான். என் பாடம் நீண்டால் அவள் எண்ணிக்கை குறையும். பக்கம் புரட்டும்போதெல்லாம் விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொள்வாள். அந்தத் துடைப்பு எனக்குக் கேட்கும். அதனால் பாடத்துக்கு வெளியே ஒரு வரிகூட வாசித்துக் காட்டும்படி நான் அவளிடம் கேட்டதில்லை. ஒரு கதை, ஒரு கவிதை, சினிமாச் செய்தி, ஒன்றுமில்லை. தேர்வுக்கு வேண்டியது மட்டும்.

இந்தக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தபோது பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படித்த ஓர் அண்ணனின் நட்புக் கிடைத்தது. ஆஸ்க்வித் என்னும் அம்மையார் 1890இல் தொடங்கிய பள்ளி அது. என்னை அங்கே சேர்க்க எவரும் சொல்லாமல் போனார்களே என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. பார்வை இருந்த காலத்தில் பிரெயில் படிக்கத் தோன்றவில்லை. போன பிறகு விரலுக்கு அந்தப் புள்ளிகள் வசப்படவில்லை. அண்ணனைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போனேன். பேருந்து தாமிரபரணிமேல் 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் ஏறுவது கண் இல்லாதவனுக்கும் தெரியும். காற்றின் குணமே மாறிவிடும். இறங்கி அவர் அறைக்குப் போனதும், “ஏல, உன் போனக் குடு” என்று வாங்கினார். ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்து, “ஹே கூகுள், ரீட் இட்” என்றார். போன் வாய் திறந்தது. ஒரு பெண் குரல், மூச்சே விடாமல், அன்றைய செய்தியை வாசிக்கத் தொடங்கிற்று. பாபநாசம் அணையின் நீர்மட்டமும் அதில் இருந்தது. எங்கள் ஆற்றின் கணக்கை நானாகத் தெரிந்துகொண்டது அன்றுதான்.

திரையில் உள்ள பக்கத்தைச் சொன்னவுடன் வாசிக்கும் அந்த வசதியைக் கூகுள் 2020இல் கொண்டுவந்தது என்று பிறகு அறிந்தேன். அதில் ஒரு தொல்லையும் உண்டு. கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முக்கூடல் பேருந்தில் நின்றுகொண்டு “ஹே கூகுள்” என்று கூப்பிட்டால் முன்சீட்டு ஆச்சி திரும்பி, “யார ஐயா கூப்பிடுத?” என்கிறார். ஆகவே அண்ணன் ‘டாக்பேக்’ என்பதையும் பழக்கினார். விரல் பட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் காதில் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இருமுறை தட்டினால் திறக்கும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்று ஒன்று. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கியது, அவரும் பார்வையற்றவரே. விலை கிடையாது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றிருந்தால் நான் எங்கே போவேன்?

குரலின் தமிழைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ்த்துறை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். நமக்கு ஒரே ‘க’தான்; ஆனால் கல்லில் ஓர் ஒலி, தங்கத்தில் ஓர் ஒலி, பகலில் இன்னோர் ஒலி. தமிழ்ச் சொல்லில் இடத்தைப் பார்த்து அது ஒலிமாற்றிக்கொள்கிறது. பெயர்ச்சொல் வந்தால்தான் விழிக்கிறது. என் கணினிக் குரலில் காந்தியின் ‘கா’ காக்கையின் ‘கா’. பாரதியின் ‘பா’ பாக்கின் ‘பா’. ‘கி.பி. 1801’ என்றால் ‘கி’ என்று நிற்கும், ‘பி’ என்று நிற்கும். பாஞ்சாலங்குறிச்சிப் போர் நடுவில் மூச்சு வாங்கும். இவையெல்லாம் சிறு குறைகள். பழகிவிட்டால் காது தானே திருத்திக்கொள்ளும்.

திருத்த முடியாத குறை வேறொன்று. இரண்டாமாண்டில் பாடக்குறிப்பு ஒன்று கணினிக் கோப்பாக வந்தது. ஆவலோடு திறந்தேன். குரல் சொல்லிற்று: “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.” மறுபடி, மறுபடி அதுவே. அருகிலிருந்த நண்பன் எட்டிப் பார்த்து, “தமிழ்னு அழகாத்தானடா இருக்கு” என்றான். பழைய ‘பாமினி’ எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அந்த எழுத்துருவில் திரைக்குத்தான் தமிழ். உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல்லின் உடம்பு உள்ளே அந்த ஐந்து குறிகள்தான். கண்ணுக்கு வேடம் தெரியாது. காதுக்கு வேடம் செல்லாது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். பழைய கோப்புகளோ இன்னும் மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டிருக்கின்றன. அம்மா பி, ஏ, ஆர், எல் என்று சொன்னபோது என்னால் சொல் கூட்ட முடிந்தது. இதைக் கூட்ட முடியவில்லை. அன்று மாலை அந்தக் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அவள் தட்டோரத்தில் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்து மேலே வைத்தாள்.

கரும்பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் நண்பர்களே, உங்கள் அன்பு புரிகிறது. குரல் “படம்” என்று மட்டும் சொல்கிறது. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவிகள் உண்டு. அச்செழுத்தை ஓரளவு எடுக்கின்றன. சுண்ணக்கட்டிக் கையெழுத்தில் இடறுகின்றன. அதே இரண்டு வரியைத் தட்டெழுதி அனுப்பினால் அடுத்த நொடி என் காதில் இருக்கும்.

கோப்பின் கதை அப்படியே முடியவில்லை. ஒரு பேராசிரியை காதுக்கு அது எட்டியது. எழுத்துரு மாற்றி ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தப் பருவத்துக் குறிப்பு முழுவதையும் ஒரே இரவில் ஒருங்குறிக்கு மாற்றி அனுப்பினார். பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, இப்ப வாசிக்குதா?” என்று கேட்டார். வாசித்தது.

இப்போது இரவில் ஊர் அடங்கிய பிறகு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு படிக்கிறேன். பாடம் அல்லாதவற்றைப் படிக்கிறேன். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்பவர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின. நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த அந்த மனிதரின் ‘செல்லம்மாள்’ கதையை முதன்முதலாக நானே, ஒருவர் உதவியும் இன்றிப் படித்தேன். நோயாளி மனைவியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் கணவனின் கதை. குரலுக்குச் சாவும் ஒன்றுதான், சந்தைக் கணக்கும் ஒன்றுதான். ஒரே தாளத்தில் வாசித்துக்கொண்டு போனது. எனக்குத்தான் ஓர் இடத்தில் நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் ‘இன்னொரு தடவை வாசி’ என்று கெஞ்சவும் இல்லை.

அம்மாவுக்கு இதனால் நிம்மதி என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணிக்கை கூடியது, எட்டு மணிக்குள் தட்டைக் கீழே வைத்தாள். ஆனால் திண்ணையில் பேச்சு குறைந்துபோனது. கத்தரிச் சத்தம் மட்டும். சென்ற தை மாதம் ஒரு மாலை, “காதுல மாட்டிக்கிட்டு அப்படி என்னத்ததான் கேக்க? எனக்குங் கேக்குத மாதிரி வை” என்றாள். ‘செல்லம்மாள்’ கதையையே வைத்தேன். இரண்டு பக்கம் கேட்டிருப்பாள். கத்தரி நின்றது.

“ஏல, என்ன இது, உசுரே இல்லாம வாசிக்கு? நிப்பாட்டு. எழுத்தப் பெருசாக்கி இங்க வை. நான் வாசிக்கேன்.”

அவளுக்கும் இப்போது சாளேசுரம். திரையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாமோ அவ்வளவு பெரிதாக்கிக் கொடுத்தேன். விரலைத் துடைத்துக்கொண்டு, தூள் டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்து, முதலிலிருந்து தொடங்கினாள். அன்றைக்கு அவள் எண்ணிக்கை நூற்றைம்பது குறைந்தது. கதை முடியும்வரை தட்டைத் தொடவில்லை.