இருட்டில் நின்ற காடு

அம்மா போன் செய்தபோது ஓலுவில் காலை ஒன்பதரை மணி. "இங்க மதியச் சாப்பாடே முடிஞ்சிருச்சு. அங்க இன்னும் விடியலையாப்பா?" என்றாள். வீடியோ காலில் எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கன்னங்கரேலென்று தெரிந்திருக்க வேண்டும். டிசம்பர் மூன்றாவது வாரம். வடக்கு பின்லாந்தின் அந்த ஊரில் அப்போது சூரியன் பத்தரை மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும். வந்தாலும் தொடுவானத்தை விட்டு மேலே ஏறாது, மரங்களின் இடுப்போடு சரி. ஆன்சைட் என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடி அனுப்பிவைத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? "மேகமா இருக்கும்மா" என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வந்ததற்கு நான் எந்த டாக்டரிடமும் பெயர் கேட்கவில்லை. நாற்பது வரி கோடைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை படுத்தால் ஞாயிறு சாயங்காலம் எழுந்தேன். பக்கத்து சீட் பின்லாந்துக்காரர் ஒருநாள் வைட்டமின் டி மாத்திரை டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான் என்றார். அந்த ஊர்க்காரர்கள் பேசுவது அவ்வளவுதான். பேச்சை வளர்க்க நான்தான் எதையாவது கேட்க வேண்டும். வெளியே மைனஸ் இருபது, உள்ளே டி-ஷர்ட்டோடு உட்கார முடிகிறதே, இந்தச் சூடெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஜன்னல் வழியே புகைபோக்கி இருந்த திசையைக் காட்டி, "பீட்" என்றார்.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு கோகோ பீட் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் மட்டைத் துகள். உண்மையான பீட் செய்யும் வேலைக்கு மாற்றாக வந்ததால் அதற்கு அந்தப் பெயர். உண்மையான பீட் என்பது மட்காமல் போன சதுப்பு. பாசியும் இலையும் வேரும் தண்ணீரில் மூழ்கி, காற்று கிடைக்காமல், அழுகல் பாதியில் நின்றுபோய் அடுக்கடுக்காகச் சேர்வது. வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தச் சதுப்புதான். அதை வெட்டி, காயவைத்து, எரித்து என் அறையின் ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தூக்கம் வராத ராத்திரிகளில் பீட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மூன்று நாளில் அது என்னை பூமியின் மறுகோடிக்கு, அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோய் விட்டது.

அண்டார்டிகாவின் ஒரு நிலக்கரிப் படுகையில் கல்லாகிப்போன பீட் இருப்பதாக 1970இல் ஜேம்ஸ் ஷாப்ஃப் என்ற அமெரிக்கத் தாவரப் புதைபடிவ ஆய்வாளர் எழுதினார். பியர்ட்மோர் பனியாற்றை ஒட்டிய ஸ்கார் ரிட்ஜ் என்ற முகடு இதற்குப் பேர்போன இடம். பெர்மியன் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. சாதாரணமாக பீட் மண்ணுக்கடியில் போனால் நசுங்கும். பல மீட்டர் பீட் நசுங்கி ஒரு மீட்டர் நிலக்கரி ஆகும். அதில் எது இலை, எது வேர் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இங்கே நசுங்குவதற்கு முன்பே சிலிக்கா கரைந்த தண்ணீர் உள்ளே புகுந்து ஒவ்வொரு செல்லையும் நிரப்பிக் கெட்டியாகிவிட்டது. அந்தச் சிலிக்காவின் மூலம் பெரும்பாலும் எரிமலைச் சாம்பல். தாவரம் கல்லாக மாறியது என்று இதைச் சொல்லக் கூடாது. செல்லின் சுவர் இன்னும் அந்தப் பழைய கரிமப் பொருள்தான், உள்ளே இருந்த வெற்றிடம்தான் கல்.

இதைப் பார்க்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கல்லை வாள்போட்டு அறுத்து, முகத்தை வழவழவென்று தேய்ப்பார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் சிலிக்கா மட்டும் லேசாகக் கரைந்து இறங்கும், செல்சுவர்கள் ஒரு மயிரளவு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் அசிட்டோன் ஊற்றி, மெல்லிய அசிட்டேட் தாளை விரித்து, காயவிட்டு உரித்தால் சுவர்கள் தாளோடு வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். மறுபடி தேய்த்தால் அடுத்த தாள். தாள் தாளாகக் காட்டை உரிக்கிறார்கள்.

அந்தத் தாள்களில் இருப்பது பெரும்பாலும் குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலையும் வேரும் கட்டையும். வேருக்குத் தனிப்பெயர், வெர்டிப்ரேரியா. முதுகெலும்பு மாதிரி கண்ணி கண்ணியாக இருப்பதால். அதற்குள் காற்றறைகள் உண்டு, சதுப்பில் நின்ற மரத்தின் ஏற்பாடு. வேர்செல்லுக்குள் மரத்தோடு கூட்டு வைத்திருந்த பூஞ்சை. கட்டையைப் பூஞ்சை தின்ற குழிகள். கட்டைக்குள் சின்னச் சின்ன உண்ணிகள் துளைத்துப் போட்ட சாணி உருண்டைகள்கூட அப்படியே இருக்கின்றன. நான் சிரித்தது அந்த மாதத்தில் அன்றைக்குத்தான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. அந்தக் காடு பிற்பாடு நகர்ந்து துருவத்துக்குப் போன காடு இல்லை. வளர்ந்தபோதே தெற்கு அட்சம் 80 டிகிரிக்கு மேல் இருந்த காடு. வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு மாசம் சூரியனே கிடையாது. இன்றைக்கு உலகத்தில் அந்த அட்சத்தில் எங்கும் காடு கிடையாது. மவுண்ட் அச்செர்னார் என்ற இடத்தில் வேரோடு நின்றபடி கல்லான மரங்களைப் பற்றி எடித் டெய்லரும் சக ஆய்வாளர்களும் 1992இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, நிகழ்காலம் கடந்தகாலத்துக்குச் சாவி அல்ல என்பதுதான்.

மூன்றரை மணி நேரச் சூரியனில் நான் இப்படிக் கிடக்கிறேன், அந்த மரம் என்ன செய்தது? இதுதான் என் கேள்வி. அறிவியல் கேள்வி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் ஆண்டு வளையங்களில் ஒரு விசேஷம் உண்டு. நமக்குத் தெரிந்த குளிர்நாட்டு மரங்கள் கோடை முடிய முடிய வேகம் குறைத்து, தடித்த சுவருள்ள செல்களை வரிசை வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் ஓயும். இந்தத் துருவ மரங்களில் வளையம் அகலமாக இருக்கிறது, கடைசிப் பகுதியில் மட்டும் இரண்டு மூன்று வரிசை செல். கோடையில் இருபத்துநாலு மணி நேர வெளிச்சம், முழுவேக வளர்ச்சி, பிறகு ஸ்விட்சை அணைத்த மாதிரி நிறுத்தம். உறைபனி அடித்த தழும்பும் வளையத்தில் இல்லை. அதாவது குளிர் நிறுத்தவில்லை, இருட்டு நிறுத்தியது.

இலைகள்? ரொம்ப நாளாக நம்பப்பட்ட பதில் அழகானது: இருட்டு வருகையில் இலையை உதிர்த்துவிட்டு மரம் காத்திருந்தது. பிடித்திருக்கிறதை விட்டுவிடு, வசந்தம் வரும். எனக்கு இது தேவையாக இருந்தது, நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். அடுத்த வாரமே அது போயிற்று. துருவக் காடுகளில் வாழ்ந்த மரங்களின் இன்றைய உறவினங்களை, துருவத்து வெளிச்சத்தையும் இருட்டையும் அறைக்குள் செயற்கையாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்த ஆய்வு 2003இல் நேச்சரில் வந்திருக்கிறது. இருட்டில் இலையை வைத்துக்கொண்டு மூச்சுவிட்டு இழக்கும் கார்பனைவிட, இலையை மொத்தமாக உதிர்த்து இழக்கும் கார்பன்தான் அதிகம் என்பது முடிவு. சரி, விடாமல் பிடித்துக்கொள் என்பதுதான் பாடம் போல என்று பார்த்தால், குளோசாப்டெரிஸ் மரக்கட்டையின் கார்பன் ஐசோடோப்புகளை வளையத்துக்குள் அளந்தவர்கள், ஒரே காட்டில் உதிர்த்த மரமும் இருந்தது, உதிர்க்காத மரமும் இருந்தது என்கிறார்கள். நோட்டில் எழுதியதை அடித்தேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்த மரம் எனக்குச் சொல்ல எதையும் வைத்திருக்கவில்லை என்பதே ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. இருட்டைச் சமாளிக்கச் சரியான வழி ஒன்று உண்டு, எனக்குத்தான் அது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வழி அந்தக் காட்டுக்கே கிடையாது.

பிப்ரவரியில் ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "மேகமெல்லாம் இல்லம்மா. இங்க விடியறதே இல்ல. எனக்கு முடியல." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியும்டா. டிசம்பர்லயே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

ஸ்காட்டின் கதையையும் அந்த நாட்களில்தான் படித்தேன். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில், 1912 பிப்ரவரி 8ஆம் தேதி, அதே பியர்ட்மோர் பனியாற்றின் தலைப்பகுதியில், மவுண்ட் பக்லி அடிவாரத்தில் ஸ்காட்டும் எட்வர்ட் வில்சனும் மற்றவர்களும் கல் பொறுக்கினார்கள். ஒன்பது நாளில் ஒருவர் இறந்தார். மார்ச் நடுவில் இன்னொருவர் கூடாரத்தை விட்டு வெளியேறிப் போனார். மிச்சம் மூவர் கடைசிக் கூடாரத்தில் இறந்துபோனார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் கண்டெடுத்த பொருட்களில் சுமார் 16 கிலோ கற்கள். தூக்கிப் போடவில்லை. அவற்றில் குளோசாப்டெரிஸ் இலை இருப்பதை 1914இல் சீவர்ட் என்ற தாவரவியலாளர் உறுதிசெய்தார். இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கும் அதே இலை. கண்டங்கள் ஒட்டியிருந்தன என்பதற்கு அது பெரிய சாட்சியாயிற்று. ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து மின்சாரம் ஆகிறது. அதுவும் அந்த வகைக் காடுதான், நசுங்கியது.

குளோசாப்டெரிஸ் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் முடிவின் பேரழிவில் போய்விட்டது. அதற்குப் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு உலகத்தில் எங்குமே நிலக்கரி இல்லை. சதுப்பில் சேர்ந்து பீட் ஆகக்கூடிய செடிகளே அழிந்ததுதான் காரணம் என்பது ஒரு முக்கிய விளக்கம். பியர்ட்மோர் வட்டாரத்திலேயே ஃப்ரீமவ் பீக் என்ற சிகரத்தில் மறுபடி கல்லான பீட் கிடைக்கிறது. அது டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதி. உள்ளே முற்றிலும் வேறு செடிகள்.

மே மாதம் அந்தப் பக்கத்து சீட்காரர் காரில் ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். பீட் வெட்டும் இடம். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில். கால்வாய் ஓரத்தில் வெட்டிய சுவர் முழங்கால் உயரம் இருந்தது, ஐநூறு வருஷம் என்று கணக்குப் போட்டேன். அடியில் கைவிட்டு ஒரு துண்டை இழுத்தேன். பூர்ச்ச மரப்பட்டை, இன்னும் வெள்ளையாக. காண்பித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே அதை அழுத்தி வைத்தார்.