சாய்வு நாற்காலியின் வலக்கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சாய்வு நாற்காலியின் இரண்டு கைகளும் ஒரே நிறத்தில் இல்லை. இடக்கை கறுத்து வழவழப்பேறியிருக்கிறது; வலக்கை வெளுத்திருக்கிறது. வருகிறவர்கள் காரணம் கேட்டால், "பாலிஷ் போதவில்லை" என்று சொல்லிவைப்பேன். உண்மை அதுவன்று.

தேக்கில் செய்து பிரம்பு பின்னிய நாற்காலி அது. அப்பா அதில் சாய்ந்திருந்த காட்சியைவிட, அதைப் பேணிய காட்சியே என் நினைவில் அதிகம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பழைய பாலிஷ் ஆகையால், உலர்ந்த பருத்தித் துணியால் மட்டுமே துடைப்பார். ஈரம் தேங்கினால் வெள்ளை பூத்துவிடும். சூடான காபித் தம்ளரும் அப்படியே தடம் பதிக்கும். வீடு கழுவும் நாளில் முதலில் நாற்காலியைத் தூக்கித் திண்ணையில் வைப்பார். பலகையின் முகத்தைவிட, கால்களின் அடிவெட்டுத்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும் என்பார். பிரம்பு தொய்ந்தால் மட்டும் தண்ணீருக்கு அனுமதி உண்டு. நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் நனைத்த துணியை விரிப்பார். பிரம்பின் பளபளப்பான மேல்தோல் நீரை எளிதில் ஏற்காது, உட்புறமே உறிஞ்சும். பிறகு நிழலில் உலரும்போது சுருங்கி, பழையபடி விறைத்துக்கொள்ளும்.

அப்பா 2012-இல் காலமானார். நாற்காலி பின்கட்டில் சுவரோடு ஒட்டி மூன்று மழைக்காலங்கள் கிடந்தது. ஒருநாள் நகர்த்தியபோதுதான், சுவரிலிருந்து பின்கால் வரை கரையான் மண்கோடு இழுத்திருப்பதைக் கண்டேன்.

ஆசாரி வந்து உளியால் கீறிக் காட்டினார். காலின் ஒரு விளிம்பில் இருந்த வெளிறு முழுவதும் அரிக்கப்பட்டிருந்தது. வைரத்தைக் கரையான் தொடவில்லை. உள்ளே காழ் உடையது மரம், வெளியே காழ் உடையது புல் என்று தொல்காப்பிய மரபியல் வகுப்பதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். தென்னையும் பனையும் புல் என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்த அகக்காழை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அரித்த பகுதியை வெட்டி வேறு துண்டு இணைக்கச் சொன்னேன். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், "அப்படியே பழைய அழுக்கையெல்லாம் எடுத்துவிடுங்கள்" என்றும் சொல்லிவிட்டுப் போனேன்.

மாலையில் திரும்பியபோது வலக்கை உப்புத்தாளால் தேய்க்கப்பட்டுப் புது மரம்போல் இருந்தது. ஆசாரி தாளைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா இடக்கையின்மேல் தன் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"அம்மா விடமாட்டேங்கறாங்க சார்" என்றார் ஆசாரி.

அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "உனக்கு இது அழுக்காடா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாவின் உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் ஊறி ஏறிய கறுப்பு அது. பழஞ்சுவடியில் தமக்குப் புரியாத பாடத்தைத் தம் விருப்பப்படி திருத்திவிடும் பதிப்பாசிரியர்களை வகுப்பில் கடுமையாகக் கண்டிப்பவன் நான். ஆசாரிமேல் குற்றமில்லை, நான் சொன்னதைத்தான் அவர் செய்தார். இரண்டு கைகளும் பொருந்தும்படி சாயம் ஏற்றித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன்.

இப்போது நாற்காலி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை கால்களின் அடியைப் பார்க்கிறேன். தேய்த்த கையில் மட்டும் ஆண்டுக்கொருமுறை தேன்மெழுகு மெல்லியதாகப் பூசுகிறேன். தேங்காயெண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. அது உலராமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும். இடக்கைக்கு உலர்ந்த துணி தவிர வேறெதுவும் கிடையாது. அம்மா இருந்தவரை அதைத் துடைக்கும் வேலையை யாருக்கும் தரவில்லை.

பத்தாண்டுகளுக்குப் பின், வலக்கையின் நுனியும் சற்றே கறுக்கத் தொடங்கியிருக்கிறது. செய்தித்தாள் படிக்கும்போது என் கை அங்கேதான் இருக்கிறது.