குமிழங்கொம்பு, சுருட்டுப் பெட்டி, பலாக்குடம்

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கும் பேருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் திரும்பி முடிக்கும்போது பாதிப் பயணிகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். சோளக்காடு, செம்மேடு தாண்டி வளப்பூர் நாட்டுக்குள் நுழைந்தால் காற்றில் குளிர் ஏறுகிறது. நாடு என்றதும் புதிதாக வருபவர் ஏதோ பெரிய பிரதேசத்தைக் கற்பனை செய்வார். கொல்லிமலையில் நாடு என்பது சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு பிரிவு. இன்றைய நிர்வாகக் கணக்கில் ஓர் ஊராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு வளப்பூர் நாடு தெரிவது இரண்டே காரணங்களால். ஒன்று, பெரியகோவிலூரில் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயில். இன்னொன்று, அதன் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்ப் பார்க்கும் ஆகாய கங்கை அருவி. ஏறி வருகையில் கால் நடுங்குவதால் படி எண்ணிக்கை யாருக்கும் மறப்பதில்லை.

நான் போனது அருவிக்காக அல்ல. சுருட்டுப் பெட்டியில் நரம்பு கட்டி வாசிக்கும் அமெரிக்க வழக்கத்தைப் பற்றிப் படித்தபோது, இதே வேலையை நம் ஊரில் யார், எதைக் கொண்டு செய்தார்கள் என்ற கேள்வி தொற்றிக்கொண்டது. கேள்வியின் ஒரு நுனி கொல்லிமலையில் இருக்கிறது, மறுநுனி தஞ்சாவூரில்.

மலையில் முதலில் கண்ணில் படுவது பலா. வேலியோரம், வீட்டுப் பின்புறம், மிளகுக் கொடிக்குத் துணையாகக் காப்பித் தோட்டத்துக்குள் என்று எங்கும் பலா. கொல்லிமலைத் தேனுக்குச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. தேன் இருக்கும் இடத்தில் மெழுகும் இருக்கும். சுரைக்கொடி எந்தக் கூரையிலும் ஏறும். பலாக்கட்டை, தேன்மெழுகு, சுரைக்குடுக்கை: ஒரு வீணைக்கு வேண்டிய முக்கியச் சரக்கு மூன்றும் ஒரே மலையில் கிடக்கிறது. வீணை செய்யும் பட்டறைகளோ தஞ்சாவூரில். அவற்றுக்குப் பலா வருவது பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கமிருந்து. மலைக்காரருக்கும் அதில் வருத்தம் இருக்க நியாயமில்லை. ஆண்டுதோறும் காய்க்கும் மரத்தை ஒரே நாளில் கட்டையாக்கி விற்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் இந்த மலை நரம்புக் கருவியைக் கேட்காத மலை அல்ல. கொல்லிமலையை ஆண்ட ஓரியைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் பாணர் கூட்டம் காட்டு வழியில் ஒரு வேட்டுவனைச் சந்திக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக வீழ்த்தியவன். அவன்தான் ஓரி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாததுபோல் பாடுகிறார்களோ என்னவோ. பாடுவதற்கு முன் ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்ளும் இடம்தான் நமக்கு முக்கியம்: முழவுக்கு மண் பூசு, யாழைப் பண்ணுக்கு நிறுத்து, தூம்பை எடு, எல்லரியைத் தொடு, ஆகுளியைத் தட்டு. கச்சேரிக்கு முன் மேடையில் நடக்கும் அதே பரபரப்பு. அந்த யாழைக் காட்டு வழியில் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், அதைப் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். நரம்பு அறுந்தால் மலையுச்சியில் கடை ஏது?

யாழ் என்றதும் நம் மனம் அரண்மனைக்குப் போய்விடுகிறது. 21 நரம்புள்ள பேரியாழ், 7 நரம்புள்ள செங்கோட்டு யாழ், மகர யாழின் வளைந்த கழுத்து. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நரம்புகளின் கணக்கையும் சுருதிகளின் கணக்கையும் அவர் போட்ட அளவுக்கு அதுவரை யாரும் போட்டதில்லை. கட்டடக் கலை படித்த தருண் சேகர் போன்ற இளைஞர்கள் இப்போது யாழை மரத்தில் மறுபடி செய்து மேடை ஏற்றுகிறார்கள். எல்லாம் நல்லது. ஆனால் சங்கப் பாட்டுக்குள்ளேயே இன்னொரு யாழ் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைச் செய்தவன் மாடு மேய்ப்பவன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வருகிறான் அந்த இடையன். உடுத்தியிருப்பது ஒற்றைத் துணி, குடிப்பது கூழ். கன்றுகளோடு காட்டில் தங்கியிருக்கும்போது கோலைக் கடைந்து தீ உண்டாக்குகிறான். அந்தக் கொள்ளியின் நுனியாலேயே மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து பாலைப் பண் வாசிக்கிறான். அது சலித்ததும் உள்ளே புழையுள்ள குமிழங்கொம்பு ஒன்றை எடுத்து வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டுகிறான். வில்லே யாழாகிவிடுகிறது. விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண் வாசிக்க, வண்டுகள் தம் சுற்றத்தார் குரல் என்று எண்ணிக் காது கொடுக்கின்றன.

இதைக் கருவி செய்யும் குறிப்பாகப் படித்துப் பார்த்தால் புலவரின் கண் எவ்வளவு கூர்மை என்பது புரியும். நரம்பு மட்டும் அதிர்ந்தால் காதுக்கு எட்டாது. மெல்லிய இழை தள்ளும் காற்று மிகக் கொஞ்சம். அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்க ஒரு வெற்றிடமும் அதைச் சுற்றி மெல்லிய சுவரும் வேண்டும். அரண்மனை யாழில் அந்த வேலையைத் தோல் போர்த்த பத்தர் செய்கிறது. இடையனிடம் பத்தர் இல்லை. அதனால் உள்ளே புழையுள்ள கொம்பாகத் தேர்ந்தெடுக்கிறான். வில்லும் அதுவே, பத்தரும் அதுவே. மரல் என்பது இன்று மருள் என்று சொல்லும் செடி, கத்தி போல் நீண்ட இலை, வறண்ட அடிவாரங்களில் தானாக வளர்வது. அதன் நார் வில்லுக்கு நாணாகும் அளவுக்கு உறுதியானது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட அந்த யாழில் இல்லை.

சுருட்டுப் பெட்டிக் கருவியும் இப்படிக் கையில் கிடைத்ததில் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1860களில் சுருட்டை இத்தனை எண்ணிக்கையில் பெட்டியில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று வரி வசூலுக்காகச் சட்டம் வந்தது. சுருட்டு தீர்ந்ததும் பெட்டி வீட்டில் மிஞ்சியது. மெல்லிய பலகை, இலேசான மரம், தட்டினால் கணீரென்ற சத்தம். உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் ஒருவர் சுருட்டுப் பெட்டி ஃபிடிலை வாசிப்பதை எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் செதுக்கோவியமாக வெளியிட்டார். 1880களில் டேனியல் பியர்ட் சிறுவர்களுக்காகச் சுருட்டுப் பெட்டி பான்ஜோ செய்யும் வரைபடமே கொடுத்தார். டென்னசி பருத்திக் காட்டுக் கூலிக் குடும்பத்தில் பிறந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அப்பா செய்துகொடுத்த முதல் கிட்டார், ஒரு சுருட்டுப் பெட்டியும் துடைப்பக் கழியும் சேர்ந்ததுதான். பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியும் பாடிய 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டை எழுதியவர் அவர்.

சுருட்டுக்கு நம் ஊரிலும் பஞ்சமில்லை. திருச்சிச் சுருட்டின் சாம்பல் எப்படி இருக்கும் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இலேயே அடையாளம் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை இருந்தது. பெட்டிகள் கப்பலேறிப் போயின. இங்கே சுருட்டு குடித்தவர்கள் அதைக் கட்டாக வாங்கினார்கள், சில்லறையாக வாங்கினார்கள். பெட்டி மிஞ்சாத வீட்டில் பெட்டிக் கிட்டார் எங்கே பிறக்கும்? நமக்கு மிஞ்சியது தேங்காய்ச் சிரட்டை. மெரினாவிலும் தேர்த் திருவிழாக்களிலும் கொட்டாங்கச்சி வயலின் விற்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். சிரட்டையோ சின்ன மண் கிண்ணமோ, அதன் வாயில் ஒட்டிய போர்வை, மூங்கில் குச்சி, கம்பி, ஒரு குட்டி வில். விற்பவர் கையில் அது முழுச் சினிமாப் பாட்டையும் பாடும். வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போய் இழுத்தால் கதவுக் கீல்தான் கேட்கும். ஏமாற்று வேலை இல்லை அது. மெட்டே இல்லாத தண்டில் எங்கே விரல் வைத்தால் எந்தச் சுரம் வரும் என்பது விற்பவரின் விரலுக்குத்தான் தெரியும். கருவியோடு அதை விற்க முடியாது.

இனி தஞ்சாவூர். பெரிய கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீணைப் பட்டறை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, காது காட்டும். உளியின் மேல் கொட்டாப்புளி விழும் டொக் டொக், நடுநடுவே யாரோ ஒற்றைத் தந்தியை மீட்டிப் பார்க்கும் சத்தம். தரையெல்லாம் மஞ்சள் சுருள். புதிதாக அறுத்த பலா வைரம் நல்ல மஞ்சளாக இருக்கும், நாளாக ஆக அரக்கு நிறத்துக்குத் திரும்பும். அதனால் சுவரோரம் சாய்த்து வைத்த கட்டைகளின் நிறத்தைப் பார்த்தே எது முந்தி வந்தது என்று சொல்லிவிடலாம்.

குடம் குடைவதுதான் முதல் பெரிய வேலை. வெளிப்புறத்தை வாச்சியால் உருட்டி, உட்புறத்தை உளியால் தோண்டித் தோண்டி, கடைசியில் சுவர் மட்டும் நிற்கும்படி செய்கிறார்கள். அளவுகோல் இருக்கிறது, ஆனால் கடைசிச் சில சுற்றுகளில் அதைத் தொடுவதில்லை. விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, இன்னும் எங்கே தடிப்பு இருக்கிறது என்று கண்டு அங்கே மட்டும் சீவுகிறார்கள். குடம், தண்டி, யாளிப் பகுதி எல்லாம் ஒரே மரத்துண்டில் வந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு விலையும் மதிப்பும் அதிகம், நீளமான பழுதில்லாத கட்டை கிடைப்பதோ அரிது. 24 மெட்டுகளோடு இன்றைய வடிவம் அமைந்தது 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பது வழிவழியாகச் சொல்வது. புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல்.

யாளி முகம் செதுக்குவதைப் பார்க்கத்தான் வெளியாட்கள் கூடுவார்கள், படமும் அதைத்தான் எடுப்பார்கள். எனக்கு அதைவிட மேளம் கட்டும் வேலையே பெரிதாகப் பட்டது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இருபுறமும் கரையாகப் படிய வைக்கிறார்கள். அது இளகிய பதத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக அழுத்தி நிறுத்த வேண்டும். மெட்டை வைப்பார், தந்தியை அதன் மேல் அழுத்தி மீட்டுவார், முகத்தைச் சுளிப்பார், மெட்டை மயிரிழை நகர்த்துவார். இப்படி இருபத்து நான்கு முறை. ஒன்று பிசகினால் பக்கத்தில் இருப்பதும் பொய்யாகும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருடக் கணக்கில் கேட்டுப் பழகிய காது இல்லாமல் இது நடக்காது. குடம் குடையத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மேளம் கட்டத் தெரியாது என்பது பட்டறைக்குள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

இடையனின் வில்யாழுக்கும் இந்த வீணைக்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது. குடைந்த மரம், முறுக்கிய நரம்பு இரண்டும் அவனிடமும் உண்டு. கருவியை இன்னொருவர் கைக்குக் கொடுத்தாலும் சுரம் அதே இடத்தில் இருக்கும்படி செய்வது இந்த மெழுகுக்காரர். கொட்டாங்கச்சி வயலின் விற்பவரால் முடியாததும் அதுதான்.

சரக்கு மாறிவருகிறது. இடப்பக்கம் தொங்கும் சுரைக்குடுக்கை முன்பு நிஜச் சுரையாகவே இருந்தது. இப்போது காகிதக் கூழிலோ ஃபைபரிலோ வார்க்கிறார்கள். ஒரே அளவில் நல்ல உருண்டையாகச் சுரை கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் ஒரு தட்டலில் விரிசல் விடும். அலங்காரத்துக்குத் தந்தமும் மான்கொம்பும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது, அது நல்லதுக்கே. தந்தியை முறுக்கும் மரப் பிரடை மழைக்காலத்தில் இறுகியும் வெயிலில் வழுக்கியும் தொல்லை கொடுப்பதால் அதற்குப் பதில் கிட்டார் சாவி பொருத்தச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகத் தண்டியைக் கழற்றி மாட்டும் வீணையும் செய்கிறார்கள்.

மெழுகை மட்டும் இன்னும் முழுதாக மாற்றவில்லை. வெயிலில் அது இளகும், மெட்டு நகரும், வருடம் ஒன்றோ இரண்டோ ஆனால் கரை தேய்ந்து மறுபடி மேளம் கட்ட வேண்டிவரும். வாசிப்பவர்களுக்கு அது எரிச்சல். பட்டறைக்கு அதுவே நிலையான வருமானம்: புது வீணைக்கு ஆர்டர் வராத மாதத்திலும் யாராவது ஒருவர் பழைய வீணையை உறை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறார். பழைய மெழுகைச் சுரண்டி எறிவதில்லை. காய்ச்சி, புது மெழுகோடு கலந்து, அதையே திரும்ப வைக்கிறார்கள்.