ஸ்கூட்டரைத் திட்டிய ஞாயிறுகள்

மப்பெட் பொம்மைகளில் யாரைப் பிடிக்கும் என்று ஒருவரிடம் கேட்டால், கெர்மிட் தவளை என்பார். இல்லாவிட்டால் மிஸ் பிக்கி என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். யாரைப் பிடிக்காது என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரைக்கும் எழும்பமாட்டார்.

1970களின் இரண்டாம் பாதியில், வட லண்டனில் நாங்கள் கூட்டாகக் குடியிருந்த வீட்டில், இந்தக் கேள்வி ஞாயிறுதோறும் விவாதத்துக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படிக்க வந்த பொடியன்கள் நாங்கள். பகலில் கணக்கியல் வகுப்பு, இரவில் பெற்றோல் செற்றில் வேலை. கிழமையில் மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். ஒருவன் கட்டிலை விட்டு எழும்பும்போது மற்றவன் வந்து விழுவான். ஞாயிறு மாலை மட்டும் எல்லோரும் ஒன்றாக இருப்போம். காசு போட்டால்தான் எரியும் காஸ் ஹீட்டருக்கு முன்னால், மடியில் சோற்றுக் கோப்பையோடு, வாடகைக்கு எடுத்த ரி.வி.யில் 'மப்பெட் ஷோ' பார்ப்போம்.

பொம்மைகளைச் செய்தவர் அமெரிக்கர். ஆனால் நிகழ்ச்சி எடுக்கப்பட்டது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், போர்ஹாம்வுட்டில் இருந்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில். ஜிம் ஹென்சன் தன் நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனங்களின் கதவைத் தட்டித் தட்டிக் களைத்தவர். பொம்மை என்றால் குழந்தைப் பிள்ளைகளுக்கு என்பது அவர்கள் தீர்மானம். 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' அந்த முத்திரையை இன்னும் அழுத்திக் குத்திவிட்டது. 1975இல் 'சாட்டர்டே நைட் லைவ்' முதல் பருவத்துக்கு அவர் பெரியவர்களுக்கான பொம்மைகளைக் கொண்டுபோனார். அவற்றை அந்த நிகழ்ச்சியின் எழுத்தாளர்களுக்கே பிடிக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தவர் இங்கிலாந்தில் ஏ.டி.வி.யை நடத்திய லூ கிரேட். 1976 முதல் 1981 வரை ஐந்து பருவங்கள், 120 பகுதிகள். அமெரிக்காவில் விளம்பரத்துக்குக் கூடுதல் நேரம் போய்விடும் என்பதால், பிரித்தானியப் பிரதியில் மட்டும் ஒரு சின்னப் பாட்டோ காட்சியோ மேலதிகமாக இருக்கும். அமெரிக்காக்காரன் காணாததை வாடகை வீட்டில் இருந்து நாங்கள் கண்டோம்.

கதை சின்னது. பாழடைந்த நாடகக் கொட்டகை ஒன்று. அதன் மேலாளர் கெர்மிட். கிழமைக்கு ஒரு பிரபல விருந்தாளி வருவார். பீட்டர் செல்லர்ஸ் வந்தார், எல்டன் ஜான் வந்தார். நடனமேதை ருடால்ஃப் நூரியேவ் வந்து ஒரு பெரிய பன்றியோடு பாலே ஆடினார். திரைக்குப் பின்னால் எல்லாம் குளறுபடியாகும். எப்படியோ காட்சி நடந்து முடியும்.

எனக்குப் பிடிக்காதவன் ஸ்கூட்டர். பச்சை ஜாக்கெட் போட்ட, கண்ணாடிக்காரப் பொடியன். கொட்டகையில் எடுபிடி. அவனுக்கு அந்த வேலை கிடைத்த காரணம், கொட்டகைச் சொந்தக்காரர் அவனுடைய மாமா. கெர்மிட் ஏதாவது ஒன்றுக்கு மாட்டேன் என்றால், சிரித்துக்கொண்டே மாமாவின் பெயரை எடுப்பான். கெர்மிட் உடனே மடங்கிவிடும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அரசாங்க வேலைக்கு எம்.பி.யின் சிபாரிசுத் துண்டு வேண்டும். துண்டு கிடைக்காத பிள்ளைகள் சிலர்தான் லண்டனுக்கு விமானம் ஏறியிருந்தோம். அந்தப் பொடியன் திரையில் வந்ததும், "இவன் எங்கட விதானையாற்றை மருமோன் மாதிரி" என்று நான் தொடங்குவேன். அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ரி.வி. பேசுவது யாருக்கும் கேட்காது.

வீட்டில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். வாடகை சேர்ப்பவரும் அவர், சண்டை தீர்ப்பவரும் அவர். அண்ணைக்கு ஆகாதது ஃபாஸி என்ற கரடி. தொப்பியும் புள்ளி போட்ட கழுத்துத் துணியுமாக மேடையில் வந்து பகிடி விடும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். "பகிடி விடத் தெரியாதவன் ஏன் பகிடி விடவேணும்?" என்பது அண்ணையின் வாதம். அவருடைய பகிடிகளுக்கும் எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை. வாடகை சேர்ப்பவரிடம் அதை யார் சொல்வது?

மட்டக்களப்பு நண்பனுக்கு மிஸ் பிக்கி. கொஞ்சிக்கொண்டு நிற்பாள். திடீரென்று கராத்தே வெட்டு விழும், கெர்மிட் பறந்துபோய் விழும். அடிக்கிறது காதலா என்று அவன் கேட்பான். மேல்மாடியில் இருந்த வேல்ஸ்காரத் தாதி ஞாயிறுகளில் இறங்கி வந்து எங்களோடு இருப்பாள். அவள் பிக்கியின் வழக்கறிஞர். அந்தக் கொட்டகையில் முன்னேற நினைக்கிற ஒரே பிறவி அவள்தான், அதனால்தான் உங்களுக்கெல்லாம் கசக்கிறது என்றாள். பிறகு ஒருநாள், தனக்குப் பிடிக்காதது கெர்மிட் என்று சொன்னாள். அறையில் சத்தம் நின்றுபோனது. மற்றவர்களை வேலை வாங்கிவிட்டுத் தான்தான் பாரம் சுமப்பதாகப் பெருமூச்சு விடுகிற முதலாளிகளைத் தன் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருப்பதாக விளக்கம் வேறு சொன்னாள். அந்த வழக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் நடந்தது.

எல்லோரும் ஒருமனதாக வெறுத்தவர்கள் வேய்னும் வாண்டாவும். ஒழுக்கசீலரான கழுகு சாம், இதோ பண்பான கலைஞர்கள் என்று அறிமுகப்படுத்துவார். இருவரும் காதல் பாட்டு ஒன்றை இழுக்கத் தொடங்குவார்கள். இரண்டு வரி போகுமுன் ஏதாவது தலையில் விழும். முதல் பருவத்தோடு அவர்கள் கிட்டத்தட்டக் காணாமல் போனார்கள். எங்களுக்கு அது நட்டமாகவும் இல்லை, இலாபமாகவும் இல்லை. எல்லோருக்கும் பிடிக்காத ஒன்றைப் பற்றி எவ்வளவு நேரம் பேசமுடியும்? எதிர்த்து நிற்க ஒருவர் இருந்தால்தான் வெறுப்புக்கும் ருசி.

நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் நிகழ்ச்சிக்குள்ளேயே அதைத் திட்டுவதற்கு இரண்டு கிழவர்களை வைத்திருந்தார்கள். உப்பரிகையில் இருக்கும் ஸ்டாட்லரும் வால்டார்ஃபும் தொடக்கம் முதல் முடிவுவரை குறைசொல்வார்கள், அடுத்த கிழமையும் அதே இருக்கையில் வந்து இருப்பார்கள். அவர்களுடைய நக்கலில் முதல் பருவத்து ஃபாஸி நொந்துபோவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பிறகு கரடிக்குத் தாங்கும் சக்தி கொடுத்தார்கள். கொன்சோ என்ற பொம்மைக்கு முதலில் சோர்ந்து விழுந்த கண்கள். இரண்டாம் பருவத்தில் இமையை அகலத் திறக்கும் பொறி வைத்த பிறகு, துயரப் பிராணி உற்சாகப் பைத்தியமாக மாறிவிட்டது. பிடிக்காதவர்கள் பிடித்தவர்களாக மாறினார்கள். எங்கள் பட்டியலும் ஒவ்வொரு பருவத்திலும் மாறும். ஸ்கூட்டர் மட்டும் என் பட்டியலில் இருந்து இறங்கவேயில்லை.

1981இல் நிகழ்ச்சி நின்றது. வீடும் கலைந்தது. அண்ணை மெல்பேர்னுக்குப் போனார். மட்டக்களப்பு நண்பன் டொரன்டோவுக்குப் போனான். தாதி வேல்ஸுக்கே திரும்பினாள். தொடர்பு விட்டுப்போகவில்லை. ஆனால் இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சுகளில் பொம்மைகளுக்கு இடமில்லாமல் போய்விட்டது. யார் தப்பினார்கள், யார் வீடு எரிந்தது, எந்தத் தம்பியை எந்த நாட்டுக்கு எடுப்பது என்பதற்கே பேசக் கிடைத்த நிமிடங்கள் போதவில்லை.

மப்பெட் உலகம் தன்பாட்டில் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனது. 1986இல் பீன் என்று ஒரு முயல்குட்டி வந்தது. அதன் தகுதி அழகாக இருப்பது மட்டும்தான். மற்றப் பொம்மைகளுக்கே அதைப் பிடிக்காது என்று பின்னால் கதை பண்ணினார்கள். 1992இல் வந்த 'மப்பெட் கிறிஸ்மஸ் கேரல்' படத்தில் அது ஸ்க்ரூஜின் வாசலில் நின்று பாடும். ஸ்க்ரூஜாக நடித்த மைக்கல் கெய்ன் மலர்வளையத்தைத் தூக்கி அதன்மேல் எறிவார். தியேட்டரில் நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, எதிர்வாதம் வருமென்று பழக்கதோஷத்தில் பக்கத்தைப் பார்த்தேன். பக்கத்தில் பொப்கோர்ன் சாப்பிடும் என் மகன்தான் இருந்தான்.

அவன் வளர்ந்த பிறகு அவனுக்கும் ஒரு எதிரி கிடைத்தான். 2011இல் வந்த படத்தில் வால்டர் என்ற பொம்மை மப்பெட்டுகளின் பரம ரசிகன். குறையே இல்லாதவனை எப்படி நம்புவது என்று மகன் கேட்டான். நல்ல வாதம்தான். ஆனால் அந்த வாதத்தை அவன் சொன்னது காரில், நான் ஒருவன் மட்டும் கேட்க. 2015இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெர்மிட்டையும் பிக்கியையும் பிரித்து, டெனிஸ் என்ற இன்னொரு பன்றியைக் கெர்மிட்டுக்குச் சோடி சேர்த்தார்கள். டொரன்டோ நண்பன் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பொம்மைக்காகப் போன் எடுத்தான். "இவ்வளவு காலம் அடிவாங்கிப்போட்டு இப்ப அவளை விட்டிட்டுப் போறானே, இது நியாயமே மச்சான்?" என்றான். ஒருகாலத்தில் பிக்கியை நாடுகடத்தச் சொன்னவன் அவன். ஒரு மணித்தியாலம் பேசினோம். தொடர் ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. போனும் அதற்குப் பிறகு அந்த விடயத்துக்காக வரவில்லை.

இந்தப் பொம்மைகளை இயக்குவது கஷ்டமான வேலை. கலைஞர் தன் கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் சின்னத் திரையில் பொம்மையின் அசைவைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். சுவீடன் சமையல்காரன் என்ற பொம்மைக்கு இரண்டு பேர். வாயும் குரலும் ஹென்சன், கைகள் ஃபிராங்க் ஆஸ். ஒரே கலைஞர் பல பாத்திரங்களைச் செய்வது அங்கே வழக்கம். நான் வருடக்கணக்காகத் திட்டிய ஸ்கூட்டரை இயக்கியவர் ரிச்சர்ட் ஹன்ட். எங்கள் வீடு ஒருமனதாக வெறுத்த வேய்னும் அவரே. உப்பரிகையில் இருந்து அந்த இருவரும் தோன்றும் நிகழ்ச்சியையே நாறடித்த கிழவர் ஸ்டாட்லரும் அவரே. பக்கத்துக் கிழவர் வால்டார்ஃப் ஹென்சனின் கை. எங்கள் வீட்டு விவாதம் முழுவதையும் அந்த இரண்டு பேரும் எங்களுக்கு முன்பே தங்களுக்குள் நடத்தி முடித்திருக்கிறார்கள்.

ஹென்சன் 1990 மே மாதம் தொற்றுநோயால் திடீரென்று இறந்தபோது வயது 53. ஹன்ட் 1992 ஜனவரியில் எய்ட்ஸ் நோயினால் இறந்தார். அவருக்கு வயது 40. கிழவர்களாகக் கிண்டல் பேசிய இருவருமே கிழப்பருவத்தைப் பார்க்கவில்லை. நான் சிரித்த அந்தக் கிறிஸ்மஸ் படம் இருவரின் நினைவுக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு ஸ்கூட்டரைப் பிடிக்கவில்லை. ஹன்ட் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ 1980களிலேயே பி.பி.சி.யின் கைக்குப் போய்விட்டது. அங்கே 'ஈஸ்ட்எண்டர்ஸ்' எடுக்கிறார்கள். நிகழ்ச்சியின் ஐந்து பருவங்களும், ஓரிரு பகுதிகள் நீங்கலாக, 2021 முதல் டிஸ்னியின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. அந்தக் காலத்து வாடகைப் பெட்டியில் பார்த்ததைவிடப் படம் துப்பரவு. நினைத்த நேரம் பார்க்கலாம், பிடிக்காத காட்சியைத் தாண்டிப் போகலாம். ஸ்கூட்டர் வரும் இடங்களை நான் தாண்டிப் பார்த்தேன். திட்டக் கிடைக்காத எரிச்சலில் திருப்பி வைத்தேன். நிகழ்ச்சியை நான் இழக்கவில்லை. அது பத்திரமாக இருக்கிறது. இழந்தது, அதே நிமிடத்தில் அதையே பார்த்துக்கொண்டு, என்னோடு உடன்படாத நாலு பேரை.

அண்ணை மெல்பேர்னில் பேரப்பிள்ளைகளுக்குப் பகிடி விடுகிறார். அவர்கள் சிரிக்கிறார்களாம். நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன கிழமை கதைத்தபோது, ஃபாஸி இப்போது எப்படி என்று கேட்டேன். "இன்னும் அறுவைதான்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற தொடர் ஒன்று இருக்கும், அது பொம்மைத் தொடராக இருக்கவேண்டும் என்றில்லை. யாரைப் பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். யாரைப் பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்ததும், சரியோ பிழையோ, எதிர்த்து வாதாடுங்கள்.